உசாத்துணையும் வாய்மையும்

ஆய்வுக் கட்டுரையொன்றின் ஈற்றில் இடம்பெறும் நூற்பட்டியலை ஈழத்துத் தமிழ்க் கல்வியுலகம் 'உசாத்துணை' என்று வழங்குகின்றது. தமிழகத்தார் இதனையே துணைநூற்பட்டியல் என்பர். இரு வழக்குகளும் ஒரே பொருளைச் சுட்டினும், முன்னதில் ஓர் அற நிபந்தனை உள்ளுறைந்து கிடக்கின்றது. உசாவுதலாவது வினவி அறிதல், கலந்து ஆராய்தல். உசாவப்பட்ட துணையே உசாத்துணையாகும். எனவே, ஒரு நூலின் பெயரை அப்பட்டியலிற் சேர்க்கும் ஆய்வாளர், அந்நூலைத் தாம் அணுகியமைக்கும், அதனிடம் வினவியமைக்கும், அதிலிருந்து விடை பெற்றமைக்கும் சான்று பகர்கின்றார். அணுகாத நூலின் பெயரை அங்கே எழுதுதல் வெறும் வடிவப் பிழையன்று, அது பொய்ச்சான்று.

இப்பட்டியலை ஆக்கும் வேலையை இன்று கணினி மென்பொருள்கள் மேற்கொள்கின்றன. மேற்கோள்களைச் சேகரித்தல், வகைப்படுத்தல், உரிய இடத்திற் பொருத்துதல், அகர வரிசையில் அடுக்குதல் ஆகிய அனைத்தையும் அவை கணப்பொழுதில் முடித்துவிடுகின்றன. இவ்வசதியை வரவேற்பதா, வெறுப்பதா என்பது பயனற்ற வினா. அது வந்துவிட்டது, பல்கலைக்கழகங்களில் நிலைத்தும்விட்டது. ஆராயத்தக்க வினா வேறு. சான்று பகர்தல் ஓர் அறக்கடமையாயின், அக்கடமையை ஒரு கருவியிடம் ஒப்படைத்தல் கூடுமா? கூடுமெனின், அதன் எப்பகுதியை ஒப்படைக்கலாம், எப்பகுதியை ஒப்படைத்தலாகாது?

முதற்கண் இக்கருவிகளின் இயல்பை அறிதல் வேண்டும். 1985ஆம் ஆண்டளவில் ஓரன் பட்டாஷ்னிக், லெஸ்லி லாம்போர்ட் ஆகியோரின் முயற்சியால் 'பிப்டெக்' என்னும் நிரல் தோன்றியது. 1980களின் இறுதியில் 'எண்ட்நோட்' விற்பனைக்கு வந்தது. 2006இல் ஐக்கிய அமெரிக்காவின் ஜோர்ஜ் மேசன் பல்கலைக்கழகத்து வரலாற்றாய்வு மையமொன்று 'சொட்டெரோ' என்னும் மென்பொருளை யாவரும் இலவசமாகப் பயன்படுத்துமாறு வெளியிட்டது. அதன்பின் தோன்றிய 'மெண்டலி' 2013இல் எல்செவியர் என்னும் பெரும்பதிப்பகத்தின் உடைமையாயிற்று. இவை யாவற்றினதும் அடிப்படை ஒன்றே. நூலாசிரியர், தலைப்பு, ஆண்டு, பதிப்பகம், பக்கம் என ஒவ்வொரு விவரத்தையும் தனித்தனிப் பெட்டியில் இட்டுச் சேமித்தல். பின்னர் அவ்விவரங்களை எந்த இதழ் எந்த முறையில் கேட்பினும் அந்த முறையில் அடுக்கிக் கொடுத்தல். ஒரே பட்டியலை ஒரு நொடியில் ஒரு முறையிலிருந்து இன்னொரு முறைக்கு மாற்றலாம்.

இதற்கு முற்பட்ட தலைமுறையினர் இவ்வேலைக்குச் சிறு அட்டைகளைப் பயன்படுத்தினர். நூலுக்கோர் அட்டையாக எழுதி, பெட்டிகளில் அடுக்கி, ஈற்றில் அனைத்தையும் தட்டச்சுக்கு அனுப்பினர். 1966இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் வெளியீடாக வந்த தனிநாயகம் அடிகளாரின் தமிழாய்வு நூல் வழிகாட்டி, கணினியின் துணை ஏதுமின்றி உருவானது. அத்தகைய உழைப்பு போற்றுதற்குரியது. ஆயினும் உழைப்பின் பருமையையே அறமெனக் கொள்ளுதல் பொருந்தாது. காற்புள்ளியை அரைப்புள்ளியாக மாற்றுவதில் ஓர் இளைஞர் ஒரு கிழமையைச் செலவிடுவதனால் அவருடைய வாய்மை வளர்ந்துவிடுவதில்லை. வடிவம் சார்ந்த வேலையை இயந்திரம் ஏற்குமாயின், அவ்வளவுக்குச் சிந்தனைக்கு ஓய்வு கிடைக்கின்றது. ஆகவே எளிமையைக் குற்றஞ்சாட்டுதல் நியாயமன்று.

எனினும் அட்டையெழுதும் வழக்கத்தில் தற்செயலாக அமைந்த ஒரு காவல் இருந்தது. அட்டையை எழுதும்பொழுது நூல் பெரும்பாலும் கையில் இருந்தது. தலைப்புப் பக்கத்தைப் புரட்டாமல் ஆண்டையும் பதிப்பகத்தையும் எழுதுதல் அரிது. இன்றைய கருவியோ, ஒரு கட்டுரைக்கு வழங்கப்பட்ட அடையாள எண் கிடைத்தமாத்திரத்தில் அதன் விவரங்கள் அனைத்தையும் எங்கிருந்தோ கொணர்ந்து நிரப்பிவிடுகின்றது. நூலைத் திறவாமலே நூலின் பெயரை உடைமையாக்கிக் கொள்ளலாம். கற்றலுக்கும் சேர்த்தலுக்கும் இடையே முன்பு இருந்த இயல்பான இணைப்பு இங்கே அறுந்துபோகின்றது. கருவி தீங்கு செய்வதில்லை. ஆனால் முன்பு சூழ்நிலை காத்துவந்த ஒன்றை இனி மனிதரின் மனச்சாட்சியே காக்கவேண்டிய நிலையை அது ஏற்படுத்திவிடுகின்றது.

படியாமலே மேற்கோள் காட்டும் பழக்கம் கணினியால் விளைந்ததன்று என்பதும் ஒப்புக்கொள்ளற்பாலது. சிம்கின், ராய்சௌத்ரி என்னும் ஆய்வாளர் இருவர் 2003இல் வெளியிட்ட ஆய்வொன்று இதனைத் தெளிவுறுத்துகின்றது. புகழ்பெற்ற பௌதிகவியற் கட்டுரையொன்றைச் சுட்டிய ஏறத்தாழ 4,300 மேற்கோள்களை அவர்கள் நோக்கினர். அவற்றுள் 196 மேற்கோள்களில் எண்பிழைகள் இருந்தன. ஆனால் வெவ்வேறான பிழைகள் 45 மட்டுமே. ஒரே பக்க எண்பிழை 78 தடவை திரும்பத் திரும்ப வந்திருந்தது. எழுபத்தெட்டுப் பேர் தனித்தனியே ஒரே பிழையைச் செய்தனர் என்று கருதுவது பொருந்தாது. ஒருவர் எழுதியதை மற்றவர் மூலத்தைப் பாராது பெயர்த்தெழுதினர் என்பதே தெளிவு. மேற்கோள் காட்டுவோரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரே மூலக்கட்டுரையைப் படிக்கின்றனர் என்பது அவ்விருவரின் மதிப்பீடு.

இம்முறை தமிழ்ப் பதிப்புத்துறைக்குப் புதியதன்று. இரண்டு ஏட்டுச்சுவடிகளில் ஒரே இடத்தில் ஒரே பிழை காணப்படின், ஒன்று மற்றொன்றைப் பார்த்து எழுதப்பட்டது, அல்லது இரண்டும் ஒரே தாய்ச்சுவடியிலிருந்து வந்தன என்று பதிப்பாசிரியர்கள் துணிவர். பிழையின் மரபே சுவடியின் மரபைக் காட்டிக் கொடுக்கும். ஏடெழுதியோன் பொருளறியாது பெயர்த்தமையால் அன்று நேர்ந்தது, ஆய்வாளர் படியாது பெயர்ப்பதனால் இன்று நேர்கின்றது.

சுவடிகளைப் பற்றிப் பேசுமிடத்து, யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமம் கிழக்கைக் குறிப்பிடாது செல்லல் இயலாது. யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை நோக்கிச் செல்லும் வீதியில், புத்தூரை அடைவதற்குச் சற்று முன்னர் உள்ளது சிறுப்பிட்டி. அங்கே 1832இல் பிறந்தவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவராகிய அவர், வீரசோழியத்தை 1881இலும், தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885இலும், கலித்தொகையை 1887இலும் அச்சேற்றினார். அவருடைய பதிப்புரைகள் இன்றும் பயிலத்தக்கன. ஏடுகளைத் தேடி அலைந்த வரலாறும், தொட்ட மாத்திரத்தில் ஒடிந்து நொறுங்கிய ஓலைகளின் நிலையும், சுவடி தந்து உதவியோரின் பெயர்களும் அவற்றில் இடம்பெறுகின்றன. எவரிடமிருந்து எது கிடைத்தது என்பதைச் சொல்லுதலை அவர் தம் பணியின் புறவணியாகக் கருதவில்லை. பணியின் ஒரு கூறாகவே கருதினார்.

அவ்வெளிப்படைத்தன்மையின் பயனை அவருடைய பதிப்பில் நேர்ந்த ஒரு தவறே விளக்குகின்றது. 1885ஆம் ஆண்டுப் பதிப்பிலே பொருளதிகாரம் முழுமைக்குமான உரையை அவர் நச்சினார்க்கினியருடையதென வெளியிட்டார். பிற்பகுதியிலுள்ள மெய்ப்பாட்டியல், உவமவியல், செய்யுளியல், மரபியல் ஆகிய நான்கு இயல்களுக்கும் அமைந்த அவ்வுரை பேராசிரியருடையது என்பதைப் பின்வந்த அறிஞர் நிறுவினர். தவறு திருத்தப்பட்டது. அதனால் தாமோதரம்பிள்ளையின் பெருமை குன்றிற்றா? குன்றவில்லை. திருத்துவோர் மீண்டும் மூலத்துக்குச் செல்லக்கூடியவாறு அவர் வழியைத் திறந்து வைத்திருந்தார். வழியைக் காட்டியவரின் தவறு திருத்தத்துக்கு இடந்தரும். வழியை மறைத்தவரின் சரியான கூற்றுக்கூட ஐயத்துக்கே இடமாகும். சான்றுரைத்தலின் சிறப்பு, உரைப்பவர் தவறாதவர் என்று காட்டுவதில் இல்லை. தவறினால் பிறர் கண்டுபிடிக்க இடங்கொடுப்பதில் உள்ளது.

ஈண்டு ஒரு தடை எழலாம். பழந்தமிழ் உரையாசிரியர்கள் பலவிடங்களில் மேற்கோளின் மூலத்தைப் பெயர் சுட்டிக் கூறவில்லை. தொல்காப்பியரும் முன்னோர் கருத்தை 'என்ப' என்னும் ஒரு சொல்லால் சுட்டி அமைந்தார். அறிவு அன்று பொதுச்சொத்தாக இருந்தது. ஆளுக்கோர் உரிமை குறித்து அடிக்குறிப்பு இடுதல் தனியுடைமைச் சமூகத்தின் வழக்கம். அதனைத் தமிழ்மரபின்மீது ஏற்றுதல் எவ்வாறு பொருந்தும் என்பர் சிலர்.

இத்தடையில் ஓரளவு உண்மையுண்டு. கருத்தைக் காணிபோல் எல்லையிட்டு வேலியடைக்கும் மனப்பான்மை இன்றைய கல்வியுலகில் மிகுந்துள்ளது. ஆயினும் உரையாசிரியர் காலத்து மாணாக்கர் பாட்டை நெஞ்சில் நிறுத்தியவர். ஓரடியைக் கேட்டமாத்திரத்தில் அது எத்தொகையிலுள்ளது என்பதை உணர்ந்தவர். கேட்போர் அறிந்த ஒன்றைக் கூறாது விடுதல் மறைத்தலாகாது. கேட்போரின் நினைவு மங்கிய பின்னரோ நிலைமை மாறிவிட்டது. 1887இல் சீவகசிந்தாமணியை வெளியிட்ட உ. வே. சாமிநாதையர், நச்சினார்க்கினியர் பெயர் சுட்டாது விட்ட மேற்கோள்களின் மூலத்தைத் தேடிப் பட்ட இடர் மிகப் பெரிது. அத்தேடலே அவரைச் சங்க நூற்சுவடிகளிடம் கொண்டுசென்றது. தேடுவதற்கு ஒருவர் வாய்த்தமையால் அவை அடையாளம் பெற்றன. வாய்க்காதவை இன்றும் பெயர் தெரியாச் செய்யுள்களாகவே நிற்கின்றன.

மறுதலையான சான்று புறத்திரட்டு. ஏறத்தாழ பதினைந்தாம் நூற்றாண்டில் ஒருவர் பல நூல்களிலிருந்து செய்யுள்களைத் தெரிந்தெடுத்து, பொருள்வாரியாக வகுத்து, ஒவ்வொன்றும் எந்நூலைச் சேர்ந்தது என்பதையும் குறித்து வைத்தார். எஸ். வையாபுரிப்பிள்ளை அதனைப் பதிப்பிக்க, 1938இல் சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. முத்தொள்ளாயிரத்தில் இன்று கிடைக்கும் செய்யுள்களிற் பெரும்பாலானவை இத்தொகுப்பின் வழியாகவே எஞ்சின. தகடூர் யாத்திரை, ஆசிரியமாலை முதலியன பற்றிய அறிவுக்கும் இதுவே பெருந்துணை. நூல்கள் அழிந்தன, ஆனால் இச்செய்யுள் இந்நூலினது என்று எழுதிய சிறு குறிப்பு அழியவில்லை. அக்குறிப்பை எழுதியவரின் பெயரோ எவருக்கும் தெரியாது. தம் பெயரைக் காவாது பிறர் பெயரைக் காத்த அவரை நோக்கும்பொழுது, சான்றுரைத்தல் தனியுடைமை உணர்விலிருந்தே பிறக்கவேண்டும் என்னும் கூற்று வலுவிழந்துவிடுகின்றது. அதன் வேர் நன்றியறிதலில் உள்ளது. வருங்காலத்தார்மீது கொண்ட பரிவில் உள்ளது.

ஆகவே உசாத்துணைக்கு இரண்டு முகங்கள் உண்டு எனலாம். ஒன்று இறந்தகாலத்தை நோக்கியது: பெற்றதைப் பெற்றேன் என ஒப்புக்கொள்வது. மற்றையது எதிர்காலத்தை நோக்கியது: வருவோர் சென்று சரிபார்க்க வழியமைப்பது. முதலாவது நன்றி, இரண்டாவது வாய்மை.

இரண்டாவது முகத்தின் இன்றியமையாமையைப் புத்தூர் நிலாவரைக் கிணறு நன்கு உணர்த்தும். நவக்கிரியில் அமைந்த அவ்வற்றா நீர்நிலையை அறியாதார் குடாநாட்டில் இல்லை. இராமபிரான் வானரப் படையின் தாகந் தீர்க்க அம்பெய்து உண்டாக்கியது என்பது ஐதிகம். அதற்கு ஆழமே இல்லை என்பர். அதில் இட்ட எலுமிச்சங்காய் கீரிமலையில் மிதக்கும் என்பர். ஐதிகம் ஐதிகமாகச் சொல்லப்படும்பொழுது அதற்கு உசாத்துணை வேண்டியதில்லை. ஊரின் நினைவே அதற்குச் சான்று. ஆனால் அதே கூற்று கட்டுரையொன்றில் அறிவியற் செய்தியாக உருமாறும்பொழுது நிலைமை வேறாகின்றது. 1859இல் வெளிவந்த தமது இலங்கை பற்றிய நூலில் எமர்சன் தெனன்ற் புத்தூர்க் கிணற்றை விவரித்து, அதன் ஆழம் அளக்கப்பட்டமையையும் பதிந்துள்ளார். அளவிடப்பட்ட ஒன்று, அளவிடப்பட்ட பின்னரும் ஆழமற்றதாக எழுத்தில் நிலைத்து வருகின்றது. அடியிலாயினும் மீற்றரிலாயினும் இன்று வழங்கும் ஆழக் கணக்குகளும் ஒன்றோடொன்று ஒவ்வாதன. எவர், எந்நாளில், எக்கருவியால் அளந்தார் என்பதைச் சொல்லாது எண்ணை மட்டும் பெயர்த்தெழுதுவோர் பலராயினமையே இதற்குக் காரணம்.

இத்தகைய கூற்றொன்றைக் கையாளும் மாணவரின் மென்பொருளில் அது குறித்து இருபது பதிவுகள் இருக்கலாம். இருபதும் ஒரே மூலத்திலிருந்து பெயர்க்கப்பட்டனவாயின் அவை இருபது சான்றுகளல்ல. ஒரு சான்றின் இருபது எதிரொலிகளே. கருவி இருபதையும் அடுக்கிக் காட்டும். அவற்றுள் எது மூலம், எது எதிரொலி என்பதை அது கூறாது. அதனை அறிய ஒருவர் ஒவ்வொன்றையும் திறந்து, பின்னோக்கிச் சென்று, ஈற்றில் அளவுகோலைக் கையில் ஏந்தியவரை அடைதல் வேண்டும். நிலாவரையின் மேல்நீர் நன்னீர். ஆழத்து நீர் உவர்நீர். மேற்பரப்பில் மொண்டு பார்த்து முழுக்கிணற்றையும் நன்னீரென்று எழுதுவோரைப் போன்றவரே, சுருக்கத்தை மட்டும் படித்து நூலை மேற்கோள் காட்டுவோர்.

நன்றியறிதலாகிய முதல் முகத்துக்கு வருவோமாயின், அங்கே கருவியின் இன்னொரு குறை புலப்படும். இம்மென்பொருள்கள் மேலைநாட்டுப் பெயர்முறையை அடிப்படையாகக் கொண்டு அமைக்கப்பட்டவை. முதற்பெயருக்கு ஒரு பெட்டியும் குடும்பப்பெயருக்கு ஒரு பெட்டியும் அவற்றில் உண்டு. தமிழர்க்கோ குடும்பப்பெயர் என்னும் வழக்கு பெரும்பாலும் இல்லை. தந்தையின் பெயரும் தன் பெயருமே உண்டு. பெயரின் ஈற்றுச் சொல்லைக் குடும்பப்பெயராகக் கொள்ளும் கருவியிடம் தனிநாயகம் அடிகளாரின் பெயரை ஆங்கிலத்தில் அவர் வழங்கியவாறு 'தனி நாயகம்' எனப் பிரித்துக் கொடுத்தால், 'நாயகம்' குடும்பப்பெயராகும். 'தனி' முதற்பெயரோடு சேர்ந்துவிடும். தாமோதரம்பிள்ளையும் வையாபுரிப்பிள்ளையும் 'பிள்ளை' என்னும் ஒரே பெயரின் கீழ் அண்ணன் தம்பியராய் அடுக்கப்படுவர். தன் பெயரை முன்னும் தந்தை பெயரைப் பின்னும் எழுதும் பெண்ணொருவரின் ஆய்வுக்குத் தந்தையே ஆசிரியராகிவிடுவார். பேராசிரியர் கா. சிவத்தம்பியின் பெயர் ஆங்கில நூல்களில் 'எஸ்' எழுத்தின் கீழும், தமிழ் எழுத்துப்பெயர்ப்பு முறையைப் பின்பற்றும் நூலகப் பட்டியல்களில் 'சீ' எழுத்தின் கீழும் இடம்பெறுவதால், ஒருவரே இருவராகத் தோற்றுவதும் உண்டு.

இது சிறு செய்தியன்று. நன்றி கூறுதல் என்பது இன்னாருக்கு என்று கூறுதலாகும். பெயரைச் சிதைத்துவிட்டுக் கூறும் நன்றி உரியவரைச் சென்றடைவதில்லை. சொட்டெரோ போன்றவற்றில் பெயரை இரண்டாகப் பிரியாது ஒரே பெட்டியில் எழுதுவதற்கு இடமுண்டு. ஆனால் கருவி தானாக அதனைச் செய்யாது. இப்பெயர் எவ்வாறு அமைந்தது, இதில் எது தந்தை பெயர், எது ஊர்ப்பெயர், எது சாதிப்பட்டம் என்பதை அறிந்த ஒருவர்தாம் அதனைச் செய்தல் வேண்டும்.

இதனினும் ஆழ்ந்த ஓர் அநீதியும் உண்டு. அடையாள எண் பெற்ற ஆங்கில இதழ்க் கட்டுரை ஒரு சொடுக்கில் பட்டியலுள் வந்துவிடும். ஊர்ப் பாடசாலையின் ஆண்டு மலரோ, கோயிற் கும்பாபிஷேக மலரோ, நினைவு வெளியீடோ, தோட்டத்துக்கு நீரிறைத்தே வயதான ஒருவரின் வாய்மொழியோ அவ்வாறு வாராது. ஒவ்வொரு விவரத்தையும் கையால் எழுதவேண்டும். எளிதில் வருவதை எடுப்பதும் அரிதில் வருவதை விடுப்பதும் மனித இயல்பு. இதனால் யாழ்ப்பாணத்து நிலத்தடி நீரைப்பற்றி எழுதும் மாணவர் தொலைநாட்டு ஆய்வாளரை மேற்கோள் காட்டுவார். தமக்குக் கிணற்றடியில் நின்று விளக்கிய விவசாயியை மேற்கோள் காட்டார். உண்மையில் உசாவப்பட்டவர் விடுபடுவார், உசாவப்படாதவர் இடம்பெறுவார்.

1981ஆம் ஆண்டு ஜூன் மாதத் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றுள் வேறெங்கும் கிடைத்தற்கரிய சுவடிகளும் சிறுவெளியீடுகளும் இருந்தன. அச்சமூகத்தில் எழுதப்படும் ஓர் உசாத்துணைக் குறிப்பு, பிறநாட்டார் எழுதும் குறிப்பைப் போன்றதன்று. ஒரு பழைய ஆய்வேட்டின் அடிக்குறிப்பு, எரிந்துபோன நூலொன்று இருந்தது என்பதற்கு எஞ்சிய ஒரே சான்றாகவும் இருக்கலாம். 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம் ஈழத்துச் சிறுவெளியீடுகளைத் தேடித் தொகுத்து எவரும் படிக்குமாறு செய்து வருகின்றது. அவற்றின் விவரங்களைப் பிழையின்றிப் பதிந்து மேற்கோளிற் சேர்ப்பது, புறத்திரட்டுத் தொகுத்தவரின் பணியை இன்றைய கருவியால் தொடர்வதாகும். அந்தப் பெயரறியாதவரின் கையில் மென்பொருள் இருந்திருப்பின் அவர் அதனை வெறுத்திருப்பார் என்று கொள்வதற்கு இடமில்லை.

அண்மைக் காலத்தில் இன்னொரு சிக்கல் சேர்ந்துள்ளது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள், இல்லாத நூல்களுக்கும் ஆசிரியர், ஆண்டு, பக்கம் ஆகியவற்றை நம்பத்தக்க வடிவில் புனைந்து கொடுப்பதுண்டு. 2023இல் நியூயோர்க் நீதிமன்றமொன்றில், சாட்ஜிபிடி புனைந்த வழக்குகளை உண்மை வழக்குகளாக எடுத்துக்காட்டிய வழக்கறிஞர்களுக்கு 5,000 டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. இத்தகைய புனைவொன்றை மேற்கோள் மென்பொருளினுள் இட்டால் அது மறுப்பின்றி ஏற்றுக்கொள்ளும். உண்மை நூல்களுக்கு நடுவே அகர வரிசை தவறாது அமர்த்தியும் வைக்கும். வடிவம் செம்மையாயிருத்தல் உண்மைக்கு அறிகுறி என்று கருதிய காலம் ஒன்று உண்டு. சிரத்தையுடன் எழுதப்பட்ட பட்டியலைக் கண்ட ஆசிரியர், எழுதியவரின் படிப்பும் சிரத்தையுடையதென ஊகித்தார். அவ்வூகத்துக்கு இனி அடிப்படை இல்லை.

இதுகாறும் கூறியவற்றிலிருந்து கடமைப் பகுப்பு ஒருவாறு தெளிவாகின்றது. நினைவில் வைத்தல், அடுக்குதல், வடிவம் மாற்றுதல், விடுபட்டதைச் சுட்டுதல் ஆகியன கருவிக்கு உரியன. இவற்றை அதனிடம் ஒப்படைத்தல் குற்றமன்று. ஒப்படையாது இருத்தலே காலவிரயம். மேலும் சில நன்மைகளையும் அது செய்யும். படித்த பகுதியின் குறிப்பையும் பக்க எண்ணையும் பதிவோடு சேர்த்து வைக்கலாம். வெளியீட்டாளரால் மீளப்பெறப்பட்ட கட்டுரையொன்று சேமிப்பில் இருப்பின் 2019 முதல் சொட்டெரோ எச்சரிக்கையும் செய்கின்றது. ஆனால் படித்தல், மூலத்தை எதிரொலியினின்று பிரித்தல், பெயரைப் பெயராக அறிதல், எவரிடம் உண்மையாகவே கற்றோம் என்பதை ஒப்புக்கொள்ளுதல் ஆகிய நான்கும் மனிதர்க்கே உரியன. கருவி நினைவாகலாம், சாட்சியாகாது. நீதிமன்றத்தில் ஆவணத்தைக் கோப்பில் அடுக்கியவர் வேறு. அதன் உண்மைக்குச் சத்தியம் செய்தவர் வேறு.

இப்பொறுப்பை மாணவர்மீது மட்டும் சுமத்துதலும் தகாது. உசாத்துணையின் நீளத்தை நோக்கிப் புள்ளியிடும் ஆசிரியர், உசாவாத துணைகளைச் சேர்க்குமாறு மாணவரை மறைமுகமாகத் தூண்டுகின்றார். ஐம்பது நூல்கள் இருத்தல் வேண்டும் என்று எண்ணிக்கை விதிக்கும் துறை, பன்னிரண்டு நூல்களை ஆழக் கற்ற மாணவரைத் தண்டிக்கின்றது. எண்ணிக்கையைப் பெருக்குதல் கருவிக்கு மிக எளிது. ஆகவே எண்ணிக்கைக்கு இனி மதிப்பில்லை. பட்டியலில் ஏதேனும் ஒரு நூலைச் சுட்டி, அதில் எவ்விடம் உங்கள் கருத்தை மாற்றியது என்று வாய்மொழித் தேர்வில் வினவுதல், ஆயிரம் விதிமுறைகளினும் பயன்தரும். உண்மையில் உசாவியவர் அவ்வினாவுக்கு மகிழ்வோடு விடைதருவர்.

அன்று ஏடு தந்தவர்களின் பெயரைப் பதிப்புரையில் எழுதிய தாமோதரம்பிள்ளையைக் கண்காணிக்க எவரும் இருந்ததில்லை. எழுதாது விட்டிருப்பின் கேட்பாரும் இல்லை. அவர் எழுதினார், அதனால் அச்சுவடிகளின் வழி இன்றும் தெரிகின்றது. புத்தூர்ப் பகுதி மாணவரொருவர் இன்று கைப்பேசியிலேயே தமது உசாத்துணையை அமைத்துவிடலாம். ஆயினும் பட்டியலை அனுப்புமுன் அதிலுள்ள ஒவ்வொரு பெயரையும் நோக்கி, இவரை உசாவினேனா என்று ஒருமுறை தம்மையே கேட்டுக்கொள்ளவும், இல்லை என்று விடை வருமாயின் அந்நூலைத் தேடிப் படிக்கவோ பெயரை நீக்கவோ துணியவும் வேண்டும். அதற்கு அரைநாள் செல்லலாம். கருவி மீதப்படுத்தித் தந்த நேரத்தைச் செலவிடுவதற்கு அதனினும் தகுந்த வழி இல்லை.